மணிக்கு கு.க.!

நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மூன்று பேச்சிலர்கள் சேர்ந்து ஒரு வீட்டின் கீழ் போர்ஷனில் குடியிருக்கிறார்களாம். சமையல் முறை வைத்து, வாடகை பங்கு போட்டு, பெருக்குவது மட்டும் யார் பொறுப்பும் இல்லாமல். போன ஐப்பசி மழையில் ஒரு குட்டி நாய் படியேறி வந்து, ஒருவருடைய ஆபீஸ் ஷூவைத் தலையணையாக வைத்துக்கொண்டு தூங்கிவிட்டது. விரட்ட மனசு வரவில்லை. 'மணி' என்று பெயர் வைத்தார்கள். ஏழெட்டு மாசம் கழித்து ஒருநாள் மொசைக் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். காலில் ஏதோ கிழித்துவிட்டது என்று பஞ்சும் கையுமாக ஓடிப்போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்திருக்கிறது, மணி ஆண்பிள்ளை இல்லை!

அந்த வாரமே கேட்டுக்கு வெளியே ஏழு மாப்பிள்ளைகள். விடிய விடியக் கச்சேரி. வீட்டுக்கார அம்மாள் காலையில் வந்து, "ஒண்ணு அதுக்கு ஆபரேஷன் பண்ணுங்க, இல்லே வீட்டைக் காலி பண்ணுங்க" என்று இரண்டே சாய்ஸ் கொடுத்துவிட்டார்.

நாலு இடத்தில் விசாரித்திருக்கிறார்கள். நாலு பதில். முதல் டாக்டர், "சினைப்பை, கர்ப்பப்பை ரெண்டையும் எடுத்துடணும்" என்றார். இரண்டாமவர், "சினைப்பை மட்டும் போதும். கர்ப்பப்பை என்ன பாவம் பண்ணிச்சு?" மூன்றாவது இடத்தில் லாப்ராஸ்கோப். செலவைச் சொன்னதும் நாய்க்கு முன்னால் இவர்களுக்கு மயக்கம் வந்ததாம். நாலாவது, தெருநாய்களுக்கு ஆபரேஷன் செய்யும் ஒரு சங்கம். அவர்கள், "நாங்க வயித்துல கை வைக்கறதில்லே, இடுப்புப் பக்கமாத்தான்" என்றார்கள். 'ஆபீஸில் வோட்டுக்கு விட்டோம் சார். சரிசமமாகப் பிரிந்துவிட்டது. எதுதான் சரி?' என்று முடிகிறது கடிதம்.

நான் டாக்டர் இல்லை. மணியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து முடிவு சொல்லவேண்டியது கால்நடை டாக்டர்தான். ஆனால் இந்த நாலு பேரும் ஒருவரோடு ஒருவர் சண்டை போடவில்லை என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும். இதில் இருப்பது இரண்டு தனித்தனிக் கேள்விகள். ஒன்று, உள்ளே போய் எதை எடுப்பது? இரண்டு, எந்த வாசல் வழியாக உள்ளே போவது? இரண்டையும் ஒரே சீட்டில் எழுதிப் போட்டால் வோட்டு பிரியத்தான் செய்யும்.

முதலில், எதற்காக எடுக்கிறோம்?

கு.க. என்றதும் நமக்கு ஞாபகம் வருவது அந்தச் சிவப்பு முக்கோணம். பெண்களுக்குச் செய்யும் கு.க.வில் எதையும் எடுப்பதில்லை. குழாயைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். நாய்க்கும் அதையே செய்தால் என்ன என்று தோன்றும். செய்யலாம், குட்டி பிறக்காது. ஆனால் சினைப்பை உள்ளே தன் பாட்டுக்கு ஹார்மோன் தயாரித்துக்கொண்டே இருக்கும். தரையில் சொட்டும். மாப்பிள்ளைகள் வருவார்கள். வீட்டுக்கார அம்மாளும் வருவார். நாய்க்கு நம் வீட்டுப் பெண்களைப் போல ஐம்பது வயசில் 'நின்றுபோவது' என்று ஒன்று கிடையாது. கிழவியானாலும், இடைவெளி கூடினாலும், பருவம் வந்துகொண்டுதான் இருக்கும்.

இன்னொரு தப்பான எண்ணம், அந்த ரத்தம் பெண்களின் மாதவிலக்கு மாதிரி என்பது. இல்லை. நாய்க்கு அது முடிவு இல்லை, ஆரம்பம். சுமார் ஒன்பது நாள் சொட்டும். அப்போது கிட்டே வரும் ஆணைக் கடித்து விரட்டும். ரத்தம் வெளுத்துக் குறைந்ததும், 'அப்பாடா, முடிந்தது' என்று நாம் கேட்டைத் திறந்து விடுகிறோமே, அந்த இரண்டாவது ஒன்பது நாள்தான் கல்யாண சீசன். சுமாராக ஆறேழு மாசத்துக்கு ஒரு தடவை இந்த விழா. கருத்தரித்தால் அறுபத்துமூன்று நாளில் குட்டி.

'ஒரு ஜோடி நாய் ஆறு வருஷத்தில் 67,000 நாயாகிவிடும்' என்று ஒரு கணக்கு உலகம் முழுக்கப் போஸ்டர்களில் அச்சாகிறது. எல்லாக் குட்டியும் பிழைத்து, எல்லாக் குட்டியும் பெற்றால் வரும் கணக்கு அது. தெருவில் பிறக்கும் குட்டிகள் பல, ஒரு வருஷத்தைத் தாண்டுவதில்லை. லாரி, பார்வோ வியாதி, பசி. உண்மையில் 67,000 நாய் பயமுறுத்தவேண்டியதில்லை. நாலாவது குட்டி சக்கரத்தில் மாட்டுவதை ஒருநாள் காலை ஆபீஸ் போகும் வழியில் பார்த்தால் போதும்.

குட்டி மட்டும் பிரச்னை இல்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் பிறகு, கருத்தரித்தாலும் தரிக்காவிட்டாலும், சுமார் இரண்டு மாசம் ஒரு ஹார்மோன் கர்ப்பப்பையை 'குழந்தை வரப்போகிறது, படுக்கை போடு' என்று தயார் செய்கிறது. மெத்தென்று ஆன அந்த உள்சுவரில் கிருமி புகுந்தால் கர்ப்பப்பை சீழ் மூட்டையாகிவிடும். டாக்டர்கள் 'பயோமெட்ரா' என்பார்கள். நாய் அடிக்கடி தண்ணீர் குடிக்கும், சாப்பிடாது, சோர்ந்து படுக்கும், வாந்தி எடுக்கும். பின்பக்கம் நாற்றத்தோடு கசியலாம். வாய் மூடிக்கொண்டால் அதுவும் கசியாது. அதுதான் ரொம்ப ஆபத்து. ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன் செய்யாவிட்டால் காலையில் நாய் இருக்காது.

இது எவ்வளவு சகஜம்? சுவீடனில் நாய்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுப்பவர்கள் ஜாஸ்தி. சும்மா இருக்கும் பெண் நாய்க்கு கு.க. செய்யும் வழக்கமோ ரொம்ப நாளாகக் குறைவு. ஆகவே அங்கே கணக்கெடுக்கச் சௌகரியம். பத்து வயசுக்குள் ஐந்தில் ஒன்றிலிருந்து நாலில் ஒன்று வரை பெண் நாய்களுக்கு இந்தச் சீழ் வியாதி வருகிறது என்று அந்த இன்ஷூரன்ஸ் ஏடுகள் காட்டுகின்றன. சின்ன எண்ணிக்கை இல்லை.

மார்புக் கட்டிக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1969-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி, முதல் பருவத்துக்கு முன்பே ஆபரேஷன் செய்த நாய்க்கு மார்புப் புற்றுநோய் அபாயம், ஆபரேஷனே செய்யாத நாய்க்கு இருப்பதில் 0.5 சதவீதம்தான் என்றது. ஒரு பருவம் கழித்துச் செய்தால் 8 சதவீதம், இரண்டு அல்லது அதற்குமேல் கழித்துச் செய்தால் 26. டாக்டர்கள் இதை இன்றும் சொல்வார்கள். ஆனால் 2012-ல் பிரிட்டனில் ஒரு குழு இந்த மாதிரி ஆராய்ச்சிகளை எல்லாம் சல்லடை போட்டுப் பார்த்துவிட்டு, ஆதாரம் நாம் நினைப்பதுபோல் அவ்வளவு பலமில்லை என்றது. லாபம் இருக்கலாம், பாயிண்ட் ஐந்து என்று பைசா சுத்தமாகச் சொல்ல வேண்டாம், அவ்வளவுதான்.

"ஆபரேஷன் எதுக்கு சார், ஒரு ஊசி போட்டுத் தள்ளிப் போட்டா?" என்று கேட்பவர்கள் உண்டு. பருவத்தைத் தள்ளிப்போடும் அந்த ஹார்மோன் ஊசி, மேலே சொன்ன 'படுக்கை போடும்' ஹார்மோனின் தம்பிதான். சீழ் வியாதியையும் மார்புக் கட்டியையும் கூடவே அழைத்துக்கொண்டு வரக்கூடியது.

சரி, உள்ளே எதை எடுப்பது?

நாயின் கர்ப்பப்பையை நம்முடையது மாதிரி கத்தரிக்காய் வடிவத்தில் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு கவட்டை மாதிரி இருக்கும். குட்டை காம்பு கீழே, இரண்டு நீளக் கைகள் மேலே. ஒவ்வொரு கையின் நுனியிலும், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில், ஒரு சினைப்பை. அதை உடம்போடு இழுத்துக் கட்டியிருக்கும் ஒரு நார். ஆபரேஷனில் கஷ்டமான வேலை இந்த மேல்நுனியில்தான். நாரைத் தளர்த்தி, சினைப்பையை வெளியே கொண்டுவந்து, அதற்குப் போகும் ரத்தக் குழாயை இறுக்கிக் கட்டி, வெட்டவேண்டும். நாய்க்கு வலி ஜாஸ்தி தெரியக்கூடிய கட்டமும் அதுதான். அந்தக் கட்டு நழுவினால் வயிற்றுக்குள் ரத்தம்.

இரண்டையும் எடுப்பவர்கள் மேலே இரு பக்கமும் கட்டிவிட்டு, கீழே காம்பிலும் ஒரு கட்டுப் போட்டு, கவட்டையை மொத்தமாக எடுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் நெடுநாளாக இதுதான் பாடம். நம் ஊரிலும் பெரும்பாலும் இதுதான்.

சினைப்பை மட்டும் எடுப்பவர்கள் மேலே இரண்டு நுனியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஐரோப்பாவில், முக்கியமாக ஹாலந்தில், இது சகஜம். "கர்ப்பப்பையை உள்ளே விட்டுவிட்டால் நாளைக்கு அதில் சீழ் வைக்காதா?" என்பதுதான் எல்லோருடைய பயமும். உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இதைப் பார்த்துவிடுவோம் என்று, ஆபரேஷன் ஆகி எட்டிலிருந்து பதினோரு வருஷம் ஆன நாய்களின் சொந்தக்காரர்களை விசாரித்தார்கள். 1997-ல் முடிவு வெளியானது. இரண்டு கோஷ்டி நாய்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. காரணம் சுலபம். படுக்கை போடச் சொல்லும் ஹார்மோனே சினைப்பையிலிருந்துதான் வருகிறது. முதலாளி போய்விட்டால் தொழிற்சாலை பூட்டிக்கொள்ளும். கர்ப்பப்பை சுருங்கி ஒரு மூலையில் கிடக்கும். அதில் புற்றுநோய் வருவது நாய்களில் ரொம்ப அபூர்வம்.

2006-ல் அதே ஹாலந்துக்காரர்கள் அதுவரை வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் அலசி, ஆரோக்கியமான நாய்க்குக் கர்ப்பப்பையையும் சேர்த்து எடுப்பதால் கூடுதல் லாபம் ஒன்றும் இல்லை, சினைப்பை மட்டும் போதும் என்று எழுதினார்கள். வெட்டு சற்றுச் சின்னது. கீழே ஒரு கட்டு மிச்சம். ஆனால் வலியிலோ பிந்தைய தொல்லைகளிலோ இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் கிடையாது.

அப்படியானால் முதல் டாக்டர் தப்பா? இல்லை. நாய் ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தால், கர்ப்பப்பையில் சீழோ கட்டியோ இருந்தால், வயசாகி உள்சுவர் தடித்திருந்தால், இரண்டையும் எடுத்துத்தான் ஆகவேண்டும். தெருவில் பிடித்து வரும் நாய்க்குக் கடைசியாக எப்போது பருவம் வந்தது என்று கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. அங்கே இரண்டையும் எடுப்பதில் நியாயம் உண்டு. தவிர, ஒரு டாக்டர் ஆயிரம் நாய்க்கு ஒரே விதமாகச் செய்து கை பழகியிருக்கிறார் என்றால், உங்கள் நாய்க்காக அவர் ஹாலந்து பாணிக்கு மாறவேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் ஒரே விதி. சினைப்பை துளிகூட மிச்சம் இருக்கக்கூடாது. ஒரு சின்னத் துண்டு உள்ளே தங்கிவிட்டாலும், அது ரத்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு உயிர் பிழைத்து ஹார்மோன் சுரக்கும். ஆபரேஷன் ஆன நாய்க்கு மறுபடி பருவம் வரும். கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தால், மிச்சமிருக்கும் காம்பில்கூடச் சீழ் பிடிக்கலாம்.

மூன்றாவதாக ஒரு கட்சி சமீப வருஷங்களில் கிளம்பியிருக்கிறது. நேர் எதிர். கர்ப்பப்பையை எடு, சினைப்பையை விட்டுவிடு என்கிறார்கள். ஹார்மோன் எலும்புக்கும் மூட்டுக்கும் நல்லது என்பது அவர்கள் வாதம். 2013-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 759 கோல்டன் ரெட்ரீவர் நாய்களின் கேஸ் கட்டுகளைப் புரட்டினார்கள். ஒரு வயசு ஆகுமுன் ஆபரேஷன் செய்த நாய்களுக்கு மூட்டுத் தொல்லை கூடுதலாகத் தெரிந்தது. பெரிய ஜாதி நாய் வைத்திருப்பவர்கள் வளர்ச்சி முடியும்வரை பொறுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கவேண்டிய சமாசாரம் இது. ஆனால் சினைப்பையை விட்டால் பருவமும் வரும், மார்புக் கட்டி அபாயமும் நிற்கும், ஏழு மாப்பிள்ளைகளும் கேட்டில் நிற்பார்கள். நங்கநல்லூருக்கு ஒத்துவராது.

ஹார்மோன் போவதால் வரும் இன்னொரு சங்கடத்தையும் மறைக்கக்கூடாது. சில பெண் நாய்களுக்குத் தூக்கத்தில் சிறுநீர் கசியும். இருபது கிலோவுக்கு மேல் உள்ள நாய்களில் இது ஜாஸ்தி. கர்ப்பப்பையை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. மாத்திரையில் பெரும்பாலும் கட்டுப்படும்.

இனி, வாசல்.

முன் வாசல் என்பது வயிற்றின் நடுக்கோடு. தொப்புளுக்குக் கீழே நேர்க்கோட்டில் வெட்டு. இரண்டு பக்கத் தசைகளும் சேரும் வெள்ளைத் தையல் மாதிரியான இடம் அது. தசையை வெட்ட வேண்டாம், ரத்தம் குறைவு, இரண்டு சினைப்பையும் கைக்கு எட்டும். ஏதாவது ரத்தம் கசிந்தால் வெட்டை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். உலகத்தில் அநேகமாக எல்லாக் கல்லூரிகளிலும் சொல்லிக்கொடுக்கும் வாசல் இது. ஒரே குறை, வெட்டு அடிவயிற்றில் இருக்கிறது. நாயைப் புரட்டிப் போட்டால்தான் தெரியும். தையல் பிரிந்தால் உள்ளே இருப்பது அத்தனையும் பூமியைப் பார்த்துத்தான் இருக்கிறது.

பக்க வாசல் என்பது விலா எலும்புக்கும் தொடைக்கும் நடுவே. பெரும்பாலும் வலப்பக்கம், ஏனென்றால் வலது சினைப்பை சற்று முன்னால் தள்ளி விலாவுக்குக் கிட்டே உட்கார்ந்திருக்கிறது. இடப்பக்கமிருந்து கையை விட்டு அதைப் பிடிப்பது கஷ்டம். இங்கே மூன்று அடுக்குத் தசை, கீற்றுப் பின்னல் மாதிரி. இழைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போகவேண்டும். வெளியே தோல் பிரிந்தால்கூட இந்தப் பின்னல் குடலைச் சட்டென்று வெளியே விடாது. குட்டிக்குப் பால் கொடுக்கும் நாய்க்கு மார்பில் கத்தி படாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, காயம் தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும்.

இந்தக் கடைசி வசதியின் அருமை தெருநாய்க்கு ஆபரேஷன் செய்தவர்களுக்குத்தான் தெரியும். பிடித்து, ஆபரேஷன் செய்து, வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டு, காதில் அடையாளமாக ஒரு சின்ன வெட்டு வெட்டி, பிடித்த தெருவிலேயே கொண்டுவந்து விடுகிறார்கள். அப்புறம் அதைத் தொட்டுப் பார்க்க ஆள் இல்லை. டீக்கடையில் நின்றபடியே, 'காயம் ஆறிடுச்சா, வீங்கியிருக்கா?' என்று பார்க்க முடிந்தால், அந்த நாய் பிழைக்கிறது. உள்ளேயே கரைந்துவிடும் தையல் போடுவதும் இதற்காகத்தான். தையல் பிரிக்க ராணியும் வேலம்மாவும் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு வரமாட்டார்கள்.

பக்க வாசலுக்கும் குறை உண்டு. எதிர்ப்பக்கத்துச் சினைப்பை எட்டாக்கை. அங்கே கட்டு நழுவினால் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. நிறைமாதக் கர்ப்பிணிக்கும் சீழ் பிடித்த கர்ப்பப்பைக்கும் இந்தச் சந்து போதாது. தசை வழியாகப் போவதால் வலி கூடுதல் என்று சொல்லும் ஆராய்ச்சிகளும் இருக்கின்றன.

தெருநாய் ஆபரேஷன் என்பதில் சென்னைக்கு ஒரு தனி இடம் இருக்கிறது. கேப்டன் சுந்தரம் என்ற விமானியும் அவர் குடும்பமும் 1959-ல் ஆரம்பித்த புளூ கிராஸ், 1964-லேயே மெட்ராஸ் கார்ப்பரேஷனிடம், 'நாயைக் கொல்வதை விட்டுவிட்டு கு.க. செய்யுங்கள்' என்று சொன்னது. காதில் விழவில்லை. அந்தக் காலத்தில் நகரத்தில் கொன்ற நாய்கள் எவ்வளவு என்றால், அந்தத் தோலை வைத்துக் கழுத்து டை, பர்ஸ் செய்யலாமா என்று அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தில் மாதிரிகள் தயாரித்தார்களாம். புளூ கிராஸின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். 1995 வாக்கில் நாளைக்கு 135 நாய் வரை கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை என்பதையும் அவரே சொல்கிறார். கொன்ற இடம் காலியானால் பக்கத்துத் தெரு நாய் வந்து உட்காரும். பஸ் சீட்டு மாதிரி. கடைசியில் 1996-ல்தான் கார்ப்பரேஷன் கத்தியை மாற்றிப் பிடித்தது. முப்பத்திரண்டு வருஷம்! பிறகு 2001-ல் மத்திய அரசு இதற்கென்று விதிகளே போட்டது. 2023-ல் அவை திருத்தி எழுதப்பட்டன.

மூன்றாவது, சாவித் துவாரம். லாப்ராஸ்கோப். வயிற்றில் கார்பன் டை ஆக்சைடு ஊதி பலூனாக்கி, இரண்டு அல்லது மூன்று சின்னத் துளை போட்டு, ஒன்றில் காமிரா, மற்றதில் கருவி. ரத்தக் குழாயைக் கட்டுவதற்குப் பதில் மின்சாரச் சூட்டில் ஒட்டவைத்து வெட்டுகிறார்கள். நாரைப் பிடித்து இழுப்பது இல்லை. ஆகவே வலி குறைவு. இது விற்பவர்கள் சொல்வது மட்டும் இல்லை. 2009-ல் ஓர் அமெரிக்கக் குழு சின்ன நாய்களின் கழுத்தில் அசைவை எண்ணும் கருவியைக் கட்டிவிட்டுப் பார்த்தது. வயிற்றைத் திறந்து செய்தவை சுருண்டு கிடந்தன; துளை வழியாகச் செய்தவை அவற்றைவிட நன்றாகவே நடமாடின. இதில் பெரும்பாலும் சினைப்பையை மட்டும்தான் எடுப்பார்கள், ஹாலந்துக் கட்சி. குறை? கருவியின் விலை, அதில் பழகிய கை. உள்ளே ரத்தம் பீறிட்டால் எப்படியும் முன் வாசலைத் திறந்துதான் ஆகவேண்டும்.

ஆக, வோட்டை இப்படி எண்ணுங்கள். மணி சின்ன வயசு, ஆரோக்கியம், வீட்டுக்குள் படுக்கிறது, தினமும் புரட்டிப் போட்டு வயிற்றைப் பார்க்க மூன்று பேர் இருக்கிறார்கள். சினைப்பை மட்டும் போதும். டாக்டர் இரண்டையும் எடுத்தால் தகராறு வேண்டாம். முன் வாசல் தாராளம். பணமும் பழகிய கையும் இருந்தால் சாவித் துவாரம். இல்லாவிட்டால் குற்ற உணர்ச்சி தேவையில்லை. பக்க வாசல், கேட்டுக்கு வெளியே இருக்கும் மணிகளுக்கு. தோசை நன்றாக வருவதற்குக் கல்லைவிடக் கை முக்கியம் என்று பாட்டிகள் சொல்வார்கள். இங்கேயும் அப்படித்தான்.

அந்தக் கையிடம் கேட்கவேண்டிய கேள்விகள் ஐந்து.

ஒன்று: "ரெண்டு சினைப்பையும் முழுசா வந்துச்சா டாக்டர், பார்க்கலாமா?" தட்டில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

இரண்டு: "மயக்க மருந்து கொடுத்த பிறகு மூச்சையும் இதயத்தையும் யார் பார்த்துக்கறாங்க?" வெட்டுகிறவரே பார்த்துக்கொள்கிறார் என்றால் இன்னொரு இடம் விசாரிக்கலாம். எடை போடாமல் ஊசி எடுத்தாலும் அப்படியே.

மூன்று: "வலிக்கு என்ன கொடுப்பீங்க?" ஆபரேஷனுக்கு முன்னாலும், வீட்டுக்கு வந்த பிறகு சில நாளும் தேவை. நாய் கத்தவில்லை என்றால் வலியில்லை என்று அர்த்தமில்லை. உங்கள் மேஜை டிராயரில் இருக்கும் தலைவலி மாத்திரையை மட்டும் பாதி உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். மனுஷ மாத்திரைகள் சில நாய்க்கு விஷம்.

நாலு: "ராத்திரி ஏதாவது ஆனா யாருக்குப் போன் பண்றது?" ஈறு வெளுத்து, உடம்பு சில்லிட்டு, வயிறு உப்பினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

ஐந்து: "எப்போ செய்யலாம்?" பருவத்தில் இருக்கும்போது ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும். அதனால் அவசரம் இல்லாவிட்டால், ரத்தம் நின்று இரண்டு மூன்று மாசம் கழித்துச் செய்வது வழக்கம். அதுவரை கேட்டுக்குப் பூட்டு.

ஆபரேஷனுக்குப் பிறகு பத்துப் பதினாலு நாள் மாடிப்படி, குதியல், குளியல் கிடையாது. தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பு மாட்டுவார்கள். பழைய கிராமபோன் குழாய்க்குள் தலையை விட்டது மாதிரி முழித்துக்கொண்டு சுவரெல்லாம் முட்டும். பாவமாக இருக்கிறதே என்று கழற்றுகிறவர்கள்தான் இரண்டாவது தையலுக்குப் பணம் கட்டுகிறார்கள். அப்புறம் பசி கூடும், உடம்பு போடும். சோற்றைக் கொஞ்சம் குறையுங்கள். மூன்று பேரும் தனித்தனியாகச் சோறு போட்டுவிட்டு, 'நான் போடவே இல்லையே' என்று சொல்லும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

செலவு பயமாக இருந்தால் அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரி இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு 1903-லிருந்து இருக்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. காலையில் சீக்கிரம் போய் க்யூவில் நிற்கவேண்டும், ஒருநாள் லீவு போடவேண்டும். சினிமாவுக்குப் போட்டதில்லையா?

மூன்று பேரில் யார் லீவு போடுவது என்று அடுத்த வோட்டெடுப்பு நடத்தி ஆறு மாசத்தை ஓட்டிவிடாதீர்கள். மணி காலண்டர் பார்க்காது. மாப்பிள்ளைகளுக்கு அட்ரஸ் தெரியும்.